இரண்டாம் சரணத்தின் மேல் ஏறிய டி7

பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் எங்கள் பாடகர் குழுவுக்காக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் அடித்தேன். மேல் ஸ்டாஃபின் (சுரங்களை எழுதும் ஐந்து கோடுகள்) இரண்டாம் சரணத்தின் வரிகள்மீது, கீழ் ஸ்டாஃபுக்கான ஜி, டி7 என்ற கார்டு குறிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. போதாக்குறைக்கு ‘மு’, ‘கூ’ போன்ற எழுத்துகள் எல்லாம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு! மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒரு வரி சரியானால் அடுத்தது கெட்டது.

தானாக இடம் ஒதுக்கும் வசதியை முந்தின வாரம் நானே அணைத்து வைத்திருந்தது அப்புறம்தான் உறைத்தது. கார்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதை மறுபடி போட்டேன். கன்ட்ரோல்+ஆர் அழுத்தியதும் இழுத்தவையெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. மோதல் போயிற்று, நெருக்கம் போகவில்லை. சரி என்று ஸ்டைல் பெட்டியில் பாடல் வரிக்கான குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டினேன். அதன் அலகு எஸ்பி, அதாவது ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரம். அப்படியும் அடங்காத ஒரே வரிக்கு லேஅவுட் பேலட்டிலிருந்து ஒரு ஸ்பேசர், அதாவது ஸ்டாஃப்களுக்கு நடுவே இடம் விடும் குறி, போட்டேன்.