மச்சான் சொன்ன பங்கை வாங்கலாமா?

"வாற கிழமை எங்கட கம்பனி நல்ல பங்கிலாபம் அறிவிக்கப் போகுது. இப்பவே வாங்கி வைங்க மச்சான்." கொழும்பில் கணக்குப் பிரிவில் இருக்கும் உறவுக்காரர் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் உங்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்கிறார். தரகரிடம் கட்டளை கொடுக்குமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள்.

முதலில், செய்தி வெளிவந்துவிட்டதா? கொழும்பு பங்குச் சந்தை இணையத்தளத்தில் அந்தக் கம்பனியின் அறிவிப்புகளைத் திறந்து திகதியைப் பாருங்கள். அங்கே இருந்தால் யாரும் வாங்கலாம். வட்ஸ்அப் குழுவில் வந்தது அறிவிப்பு ஆகாது. அடுத்து, அது வெளிவந்தால் விலை அசையுமா? பங்கிலாபம் (பங்குதாரருக்குக் கம்பனி பிரித்துக் கொடுக்கும் இலாபம்), காலாண்டு இலாபம், இன்னொரு கம்பனியோடு இணைதல், பெரிய ஒப்பந்தம் கைநழுவுதல் எல்லாமே அசைக்கும். வெளிவராத செய்தி, விலையையும் அசைக்கும் என்றால் அந்தப் பங்கைத் தொடாதீர்கள். இதுதான் உட்தகவல் வணிகம். 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இதைத் தடுக்கிறது. பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு விசாரிக்கும்.

பணிப்பாளர்கள்தான் மாட்டுவார்கள் என்பது ஆபத்தான நினைப்பு. மனைவியின் கணக்கில் வாங்கினாலும் கட்டளையும் நேரமும் பதிவில் இருக்கும். கெட்ட செய்தி தெரிந்து, நட்டத்துக்குத் தப்ப விற்பதும் இதே குற்றம்தான். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் முதலீட்டு நிதியம் நடத்திய ராஜ் ராஜரட்ணத்தின் வழக்கைப் பாருங்கள். 2008 செப்டெம்பர் 23 அன்று, அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸில் பிரபல முதலீட்டாளர் வொரன் பஃபெட்டின் நிறுவனம் 500 கோடி டொலர் முதலிடும் செய்தி, அந்த வங்கியின் பணிப்பாளர் சபைக் கூட்டம் முடிந்த கையோடு தொலைபேசியில் அவருக்குப் போனது. சந்தை மூடக் கிடந்த சில நிமிடங்களுக்குள் அவரது நிதியம் அந்தப் பங்குகளை வாங்கியது. 2011இல் அவருக்கு 11 ஆண்டு சிறை. செய்தி கொடுத்த பணிப்பாளரும் அடுத்த ஆண்டு குற்றவாளியானார்.

ஆகவே கேட்டுவிட்டால் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம். அறிவிப்பு வரும்வரை பொறுங்கள். அந்தக் கம்பனியிலேயே வேலை என்றால், உங்கள் பங்கை விற்குமுன் கம்பனி விதிப்படி நடப்பதைக் கவனிக்கும் இணக்க அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். காலாண்டு முடிந்து கணக்கு வெளிவரும்வரை இன்னும் கவனம் தேவை.

பயந்து சந்தையை விட்டு ஒதுங்கத் தேவையில்லை. கல்முனைக் கடைகளில் ஒரு கம்பனியின் பால்மா இறாக்கையில் தங்காமல் போவதை நீங்களே கவனித்து, வெளியான கணக்கோடு ஒப்பிட்டு வாங்கினால் அது உங்கள் உழைப்பு, தாராளமாக வாங்குங்கள். அதே விற்பனையை அந்தக் கம்பனியின் முகாமையாளர் வெளியிடாத பட்டியலைப் பார்த்து உங்களுக்கு வாசித்தால் வாங்கக் கூடாது.