களிமண்ணில் பவளம்: எங்கே தவறுகிறோம்?

களிமண்ணில் பவள உருவம் செய்ய நினைத்தால், கரையில் கிடந்த பவளத்துண்டை ஈரக் களிமண்ணில் அழுத்தி அச்செடுக்கத்தான் பலருக்கும் முதலில் கை போகும். அச்சு அழகாகவே விழும். ஆனால் துணுக்கு ஒன்று மண்ணுக்குள் தங்கிவிட்டால் வேலை கெட்டது. பவளமும் சிப்பியும் கால்சியம் கார்பனேட். சூளைச் சூடு 850 டிகிரியை ஒட்டி ஏறும்போது அது சுட்ட சுண்ணாம்பாகிறது. சூளையைத் திறக்கும்போது குறை எதுவும் தெரியாது. பிறகு அது காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, சில வாரங்களில் மேற்பரப்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும். பெயர்ந்த குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி இருந்தால் காரணம் இதுதான்.

அச்சுக்குக்கூட பவளத்தை எடுக்காதீர்கள் என்பேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டினார்கள். அங்கே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையாலேயே செய்யலாம். பவளப்பாறைகளைப் பீங்கானில் வடிக்கும் அமெரிக்கக் கலைஞர் கோர்ட்னி மாட்டிசன், சாப்ஸ்டிக், தூரிகைக் காம்பு போன்ற எளிய கருவிகளால் ஆயிரக்கணக்கான துளைகளை இடுகிறார். துளையிடும் முன் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பவள உயிரியை ஐந்திதழ்ப் பூவாகச் செய்வது மிகப் பரவலான பிழை. கல்பவளத்தில் ஒவ்வொரு உயிரியும் உட்காரும் சிறு கிண்ணத்தின் உள்தடுப்புகள் ஆறின் மடங்கில் அமையும்; கடல்விசிறி போன்றவற்றுக்கு எட்டு உணர்கொம்புகள். ஐந்து நட்சத்திரமீனுக்கும் கடல்முள்ளிக்கும் உரியது. மூளைப்பவளத்தில் மேடும் பள்ளமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளைந்தோடும். மனம்போனபடி கிறுக்கினால் நூடுல்ஸ் மாதிரிதான் தெரியும்.

கிளைப்பவளத்தில் விரிசல் பெரும்பாலும் ஒட்டிய இடத்தில்தான் விழும். நுனி மெல்லியது, சீக்கிரம் காயும். அடி தடிமன், மெதுவாகக் காயும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கினால் மூட்டு பிளக்கும். இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பு தடவி ஒட்டுங்கள். நுனிகளை பிளாஸ்டிக் தாளால் மூடி, முழுவதையும் மெதுவாக உலரவிடுங்கள். படுக்கையாக நீளும் கிளைகள் ஸ்டோன்வேர் எனும் கெட்டிப் பாண்டத்தைச் சுடும் உயர்ந்த சூட்டில் தொய்யும். அவற்றின் அடியில் அதே மண்ணால் செய்த முட்டு வையுங்கள். வேறு பொருளால் முட்டுக் கொடுத்தால் அது கூடவே சுருங்காது.

சூளையில் வெடித்தால் காற்றுக்குமிழியைப் பழிப்பது வழக்கம். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரியில் அது நீராவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைத் தகர்க்கிறது. கடல்முள்ளி போன்ற மூடிய உருண்டைக்குச் சிறு துளையிடுங்கள். தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் மண்ணைச் சூளையில் வைக்காதீர்கள்.

பல மணிநேரம் குத்திய துளைகளைத் தடித்த கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு) ஒரே முக்கில் அடைத்துவிடும். இரும்பு ஆக்சைடை நீரில் கரைத்துப் பூசி, மேட்டை மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். பள்ளத்தில் நிறம் தங்கும். கிளேஸ் வேண்டுமானால் மெல்லிய ஒரு பூச்சு போதும்.

நிறத்தில் நடப்பது வேறு வகைப் பிழை. நகைக்கடைச் சிவப்பைப் பாறை முழுவதும் பூசுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் வெள்ளையாக விடுகிறார்கள். பாறை கட்டும் பவளத்தின் பழுப்பும் மங்கிய பச்சையும் அதனுள் வாழும் நுண்பாசியால் வருபவை. கடல் சூடாகிப் பாசி வெளியேறினால் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். மாட்டிசன் 2014-ல் செய்த சுவர்ச் சிற்பத்தில் நடுவிலிருக்கும் நிறம் ஓரம் நோக்கி வெளுத்துக்கொண்டே போவது இதைக் காட்டத்தான். உயிருள்ள மான்கொம்புப் பவளத்தைச் செய்கிறீர்கள் என்றால் கிளை நுனியை மட்டும் வெளிறவிடுங்கள். புதிதாக வளரும் அந்த நுனியில் பாசி இன்னும் அதிகம் குடியேறியிருக்காது.