நரம்பு வலியைக் கேட்டும் தொட்டும் அறிவது: தோட்டக் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

"காலு விறைக்குது மிஸ்ஸி." இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கிளினிக்கில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மூட்டு இறுகிவிட்டது என்று நானாகவே விளங்கிக்கொண்டு, அப்படியே கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே முழங்காலைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அவர் சொன்னதோ பாதம் மரத்துப்போவதை. பல் பிடுங்கும்போது போடுவதை விறைப்பூசி என்றுதானே சொல்கிறோம்? சில மாதம் கழித்து, சுடுதண்ணீர் பட்டுக் கொப்பளித்த பாதத்தோடு வந்தார். தண்ணீர் பட்டதே அவருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இந்த விளக்கத்தைக் கருவியிலிருந்து தொடங்காமல் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: சொல்லை அவர் வாயிலிருந்தே எடுங்கள்

"எங்கே வலிக்குது?" என்று ஆரம்பிக்க வேண்டாம். எரிவையும் மதமதப்பையும் பலர் வலிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "காலுக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். எரியுது, சுருக்குன்னு குத்துது, கரண்ட் அடிச்ச மாதிரி, எறும்பு ஊருது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி: இவையெல்லாம் நரம்பின் பக்கம் கைகாட்டும் சொற்கள். கடுக்குது, குனிஞ்சா பிடிக்குது என்றால் தசையோ மூட்டோ ஆக இருக்கலாம். விறைக்குது என்றால் "மடக்க முடியலையா, தொட்டா தெரியலையா?" என்று கேட்டே ஆகவேண்டும்.

"மரத்த கால் எப்படி எரியும், நம்பமாட்டாங்க" என்று எரிவைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. பழுதான நரம்பு வர வேண்டிய சேதியைத் தொலைக்கும், இல்லாத சேதியையும் அனுப்பும். இரண்டும் ஒரே பாதத்தில் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மிச்சம் தானாக வரும்.

0 முதல் 10 வரை எண் கேட்பது நல்ல வழக்கம்தான். ஆனால் பேர் (அன்றைய நாள் சம்பளம்) போய்விடும் என்ற பயத்தில் எண்ணைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் எத்தனை தடவை தூக்கம் கலைகிறது, போர்வை பட்டால் என்ன செய்கிறது, மலையில் எத்தனை மணிக்குக் கூடையை இறக்கி வைக்கிறார் என்றும் கேளுங்கள்.

படி 2: விரலால் வரையச் சொல்லுங்கள்

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரே தன் உடம்பில் காட்டட்டும். நீங்கள் உடல் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்திலும் காலுறை போட்ட மாதிரி என்றால் முதலில் நீரிழிவை நினையுங்கள். மெட்ஃபோமின் பல வருடமாகக் குடிப்பவருக்கு பி12 குறைந்திருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம். இடுப்பிலிருந்து ஒரே காலில் இறங்கினால் முதுகில் நரம்பு வேர் அழுந்தியிருக்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, இரவில் எழுந்து கையை உதறினால் மணிக்கட்டு நரம்பு. தோலில் வெளிறிய படை இருந்து, அதில் உணர்வு இல்லையென்றால் தொழுநோயா என்று பார்க்க அனுப்புங்கள், அதற்கு முழுச் சிகிச்சை இருக்கிறது.

தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் போகமுடியாமல், கால்களும் தளர்ந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். அன்றைக்கே, உடனே ஆஸ்பத்திரிக்கு.

படி 3: பாதத்தைச் சூடாக்குங்கள்

சமவெளியில் எழுதிய குறிப்புகள் இதை அழுத்திச் சொல்வதில்லை. நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காலை மழையில் நனைந்து வந்த பாதத்தில் யாருக்கும் உணர்வு குறைவாகத்தான் இருக்கும். துடைத்து, கம்பளி சுற்றி, கால் மணி நேரமாவது இருக்கவிடுங்கள். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். "அட்டை கடிச்சதே தெரியல" என்பதையும் அடையாளமாக எடுக்காதீர்கள், நல்ல காலிலும் அட்டை கடிப்பது பெரும்பாலும் தெரியாது. செருப்பு கழன்றது தெரிந்ததா, கல் குத்தியது தெரிந்ததா என்று கேளுங்கள்.

படி 4: தொட்டுப் பாருங்கள்

முதலில் நல்ல இடத்தில், முன்கையில், தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, "பட்டதும் 'ம்' சொல்லுங்கம்மா" என்று விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் "தெரியுதா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே "தெரியுதுங்க" என்பார்கள். நடுவில் சில தடவை தொடாமலும் இருந்து பாருங்கள்.

பஞ்சால் மெதுவாக வருடுங்கள். தெரிகிறதா என்பது ஒரு கேள்வி, வலிக்கிறதா என்பது இன்னொன்று. வலிக்கக்கூடாத பஞ்சு வலித்தால் அது நரம்பு வலியின் பெரிய தடயம்.

பல்லுக்குச்சியின் நுனியால் தோல் கிழியாமல் குத்தி, நல்ல இடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆளுக்கொரு புதுக் குச்சி. ஊசிமருந்து ஊசி கூடாது.

அடுத்து 10 கிராம் மோனோபிலமென்ட் என்ற நைலோன் இழை. செங்குத்தாக வைத்து, வளையும்வரை அழுத்தி, ஒரு வினாடியில் எடுங்கள். பெருவிரலின் அடி, பிறகு 1, 3, 5ஆம் விரல்களுக்குக் கீழுள்ள மேடுகள். காய்ப்பு விழுந்த இடத்தைத் தவிருங்கள். இழை இல்லையா? இரண்டு பாதத்திலும் 1, 3, 5ஆம் விரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு வினாடி இலேசாகத் தொடுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அந்தப் பாதங்களுக்கு ஆபத்து இருக்கிறது.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (tuning fork) அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பில் வையுங்கள். "குளிருது" என்பது "அதிருது" ஆகாது. அதிராத கவையையும் ஒரு முறை வைத்து வித்தியாசம் கேளுங்கள்.

தொடுகையையும் அதிர்வையும் தடித்த நரம்பிழைகள் கொண்டுபோகின்றன, குத்தலையும் சூட்டையும் மெல்லிய இழைகள். மெல்லியவை மட்டும் பழுதானால் மோனோபிலமென்டும் இசைக்கவையும் சரியாகவே இருக்கும், எரிவு மட்டும் உயிரை வாங்கும். அவரிடம் "ஒண்ணுமில்ல" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

படி 5: கூட்டிப் பாருங்கள்

2005இல் பிரான்ஸிலிருந்து வந்த, நரம்பு வலியா என்று பார்க்கும் டிஎன்4 (DN4) கேள்வித்தாள் கேட்பதையும் தொடுவதையும் சேர்த்தே எண்ணுகிறது. ஏழு அறிகுறிகள்: எரிவு, வலிக்கும் குளிர், கரண்ட் அடி, ஊருதல், ஊசி குத்தல், மரத்தல், அரிப்பு. சோதனையில் மூன்று: தொடுகை குறைவு, குத்தல் குறைவு, வருடினால் வலி. பத்தில் 4 அல்லது கூட என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணத்தை அது சொல்லாது, அதற்கு இரத்தப் பரிசோதனையும் டாக்டரும் வேண்டும்.

படி 6: எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

கடிதம் ஆங்கிலத்தில் போனாலும், அவர் சொன்ன சொல்லைத் தமிழிலேயே மேலே எழுதி, பக்கத்தில் பொருளை எழுதுங்கள். பிறகு அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "ஆமா மிஸ்ஸி, ஆனா எரிவு ராத்திரிக்கு மட்டுந்தான்" என்று திருத்தினால், அதையும் சேர்த்தெழுதி அனுப்புங்கள்.