மீன் தொட்டியில் உயிருள்ள செடி: நடுவதற்கு முன் அடியைப் பாருங்கள்

முதன்முதலாகத் தொட்டிக்குச் செடி வாங்கப் போனபோது மூன்று செடிகளோடு வீடு திரும்பினேன். ஒன்று ஆனுபியாஸ், ஒன்று கிரிப்டோகோரைன். மூன்றாவது ஊதா நிறத்தில் பளபளவென்று ஒன்று. பெயர் கேட்டதற்குக் கடைக்காரர், "வாட்டர் பிளான்ட்தான் சார்" என்றார். ஒரே மாதத்தில் மூன்றும் போயின. ஆனுபியாஸை மணலில் ஆழமாகப் புதைத்ததால் அது அழுகியது. கிரிப்டோ இலைகள் கரைவதைப் பார்த்து, செத்துவிட்டது என்று நானே பிடுங்கி எறிந்தேன். ஊதாச் செடி தண்ணீருக்குள் வாழும் செடியே இல்லை. லைட் போதவில்லை, உரம் போதவில்லை என்று அப்போது புலம்பிக்கொண்டிருந்தேன். கையில் இருப்பது எந்தச் செடி என்று தெரியாததுதான் நிஜமான கோளாறு.

அதனால் இந்த விளக்கத்தில் செடியை அடையாளம் காண்பதற்குத்தான் அதிக இடம். மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தொட்டி, மணல், லைட்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். மணல், கல் போக சுமார் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் 2 அங்குலத்துக்குக் குறையாமல் ஆற்று மணல், 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனில். கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். எனக்கு எட்டு வாளித் தண்ணீர் ஆனது. அலசிய மணலில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். பொங்கினால் அதில் கிளிஞ்சல், சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். வேறு மணல் பாருங்கள்.

லைட் 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) எல்இடி, ஒரு நாளைக்கு 7 மணி நேரம். டைமர் கட்டாயம் போடுங்கள், நாம் மறப்போம். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி வைத்தால் செடிக்கு முன்னால் பாசி பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இப்போது வேண்டாம். கீழே சொல்லும் செடிகளில் கபோம்பாவைத் தவிர எதுவும் அதைக் கேட்டு அடம்பிடிக்காது.

2. கடையில் பார்க்க வேண்டியது

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் வளர்ப்புமீன் சந்தை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் வளர்ப்புமீன் கடைகளில் செடி கிடைக்கும். ஒரு சிக்கல், நம் பேச்சில் தண்ணீரில் பச்சையாக இருக்கிற எல்லாமே 'பாசி'தான். கண்ணாடியில் வழவழவென்று படிவதும் பாசி, மாஸ் (moss) செடியும் பாசி, குளத்துக் கொடியும் பாசி. "பாசி கொடுங்க" என்று கேட்டால் எது வேண்டுமானாலும் வரும்.

செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பாருங்கள். ஈரத் துணி போலத் துவண்டு விழுந்தால் அது தண்ணீருக்குள் வளர்ந்த செடி. விறைப்பாக நின்றால், இலையில் வெள்ளைக் கோடோ ஊதாப் பளபளப்போ இருந்தால் சந்தேகப்படுங்கள். லக்கி பாம்பூ, சிங்கோனியம், டிஃபென்பேக்கியா, மோண்டோ புல், பர்ப்பிள் வாஃபிள் எல்லாம் மூழ்க வைத்து விற்கப்படுகின்றன. சில வாரம் பச்சையாக நிற்கும், அப்புறம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். என் ஊதாச் செடி இந்தக் கடைசி வகை.

இந்தச் சோதனைக்கு விலக்கும் உண்டு. ஆனுபியாஸ் இலை தடிமனாக, விறைப்பாகவே இருக்கும். ஆனாலும் தண்ணீருக்குள் ஆண்டுக்கணக்கில் வாழும். நர்சரிகளில் பல நீர்ச்செடிகளையும் ஈர மண்ணில், காற்றில்தான் வளர்க்கிறார்கள். அவையும் வாங்கும்போது நிமிர்ந்துதான் நிற்கும்.

3. அடியைப் பாருங்கள்

செடியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேரை அலசி, இலை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். எப்படி நடுவது என்பதை அதுவே சொல்லும்.

இஞ்சி போலப் படுத்துக்கிடக்கும் ஒரு பச்சைத் தண்டு, மேல்பக்கம் இலை, கீழ்ப்பக்கம் வேர் என்றால் அது வேர்த்தண்டுச் செடி. ஆனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் இப்படி. அந்தத் தண்டை மணலில் புதைக்கவே கூடாது. கல்லிலோ மரக்கட்டையிலோ தையல் நூலால் கட்டுங்கள், அல்லது ஜெல் வடிவ சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) இரண்டு சொட்டு வைத்து ஒட்டுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் தானே பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள், அவை வித்துப்பைகள்.

எல்லா இலையும் ஒரே புள்ளியிலிருந்து கொத்தாக விரிந்தால் அது வேரால் உண்ணும் செடி: கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வோர்ட், வாலிஸ்னேரியா. வேர் முழுக்க மணலுக்குள், இலை பிரியும் குருத்து மணலுக்கு வெளியே. உரக் குளிகையை வேர் அருகில் செருகினால் நன்றாகத் தின்னும். கிரிப்டோகோரைன் வென்டி என்ற வகை இலங்கை ஓடைகளுக்கே உரிய செடி, நம் வெக்கைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கிழங்கோடு வந்தால் பெரும்பாலும் அபோனோஜெட்டான். நம் ஊர்க் குளத்துக் கொட்டியும் இந்த இனந்தான். கிழங்கை மணல் மேல் பாதி தெரிய வைத்தால் போதும்.

நீளத் தண்டில் கணுக்கணுவாக இலை இருந்தால் தண்டுச் செடி. அடிக்கணு இரண்டின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மணலுக்குள் போகும்படி ஒவ்வொரு தண்டாகத் தனித்தனியே ஊன்றுங்கள். கடையில் ஈயத் துண்டு சுற்றிக் கட்டாகத் தருவார்கள். அப்படியே நட்டால் நடுத்தண்டுகள் அழுகும்.

4. ஒன்று போல இருப்பவை

இறகு போன்ற மூன்று செடிகளில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஒரு கணுவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எதிரெதிராக இரண்டே இலை, ஒவ்வொன்றும் காம்போடு விசிறி போலப் பிரிந்திருந்தால் கபோம்பா. காம்பில்லாமல் தண்டைச் சுற்றி இலைகள் சக்கரமாக நின்றால் ஆம்புலியா. தொட்டால் சொரசொரப்பாக, ஒவ்வோர் இலையும் கவட்டை போலப் பிரிந்து, தேடினாலும் வேரே இல்லாவிட்டால் ஹார்ன்வொர்ட். கபோம்பாவுக்கு நல்ல வெளிச்சமும் சற்றுக் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். முதல் தொட்டிக்கு ஆம்புலியா போதும். ஹார்ன்வொர்ட்டை நடவே வேண்டாம், மிதக்க விடுங்கள்.

நீளப் பட்டை இலைகளில் வாலிஸ்னேரியாவும் சஜிட்டேரியாவும் ஒன்று போலத் தெரியும். இலை நுனிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். விளிம்பில் பொடிப் பற்கள் இருந்தால் வாலிஸ்னேரியா. உங்கள் வீட்டில் உப்புத்தண்ணி போர் என்றால் இதைத் தேடி வாங்குங்கள். கடினத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் செடி இது.

பக்கோப்பாவில் இரண்டு வகை கடைக்கு வரும். ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை வாசனை அடித்தால் அமெரிக்காவிலிருந்து வந்த கரோலினியானா. வாசனை இல்லாமல், சிறிய சதைப்பற்றான இலையாக இருந்தால் மொன்னியேரி, அதாவது நம் வயல் வரப்பில் படரும் நீர்ப்பிரம்மி.

5. நடுதல்

முதலில் வெளிர் ரோஜா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 10 நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். நத்தைக் குஞ்சும் ஒட்டுப்பாசியும் குறையும். மாஸ் வகைகள் இதைத் தாங்காது, அவற்றை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். நீள வேரை 2 அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள்.

தொட்டியில் நாலு அங்குலம் தண்ணீர் இருக்கும்போதே நடுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு நட்டால் ஒன்றை ஊன்றும்போது பக்கத்தில் இருப்பது மிதக்கும். நீளக் கொறடால் வேர் நுனியைப் பிடித்து, சாய்வாக உள்ளே தள்ளி, கொறடை மெல்லத் தளர்த்தி வெளியே எடுங்கள். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். பிறகு மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றுங்கள்.

6. பிடுங்காமல் இருப்பது

கஷ்டமான படி இதுதான். கிரிப்டோ இடம் மாறினால் பத்து நாளில் இலைகள் கண்ணாடி போல ஆகிக் கரையும். வேர் உயிரோடுதான் இருக்கும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மாதம் விடுங்கள். காற்றில் வளர்ந்து வந்த செடிகளும் பழைய இலையை உதிர்த்து வேறு வடிவில் புதியதை விடும். வாட்டர் விஸ்டீரியா கடையில் துளசி இலை போல முழு இலையோடு இருக்கும். தண்ணீருக்குள் அதே செடி கொத்தமல்லி போலப் பிரிந்த இலை விடும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நான் சண்டைக்கே கிளம்பினேன்.

புது இலை வர ஆரம்பித்த பிறகு உரக் கணக்குப் பார்க்கலாம். அடியிலைகள் மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. அடியிலையில் ஊசிக்குத்தல் போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. கண்ணாடியில் பாசி படிந்தால் உரத்தில் கை வைப்பதற்கு முன் லைட்டை ஒரு மணி நேரம் குறையுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மீனாக கப்பி விடலாம். கோல்டுஃபிஷ் வேண்டாம், குருத்தைத் தின்றுவிடும்.

தண்டுச் செடி தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் பாதியில் வெட்டி, மேல்துண்டை ஊன்றுங்கள், அடித்துண்டும் துளிர்க்கும். மிஞ்சியதை ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். வெங்காயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்துதான் நம் குளங்களை மூடியது. நான் மாடியில் இரண்டு நாள் காயவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டுவிடுகிறேன்.