மௌனத்தைச் சம்மதமாக எண்ணாதீர்கள்: வேலைமுறையை மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் புதிய மேற்பார்வையாளர் ஒருவர் தொழிலாளர்களை நிற்கவைத்து, வேலைமுறை மாறப்போவதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். “யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. “நல்லபடியாக எடுத்துக்கொண்டார்கள்” என்று என்னிடம் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, அதே மகிழ்ச்சியோடு திரும்பியவன் நான்.

அறிவிப்பைத் தாமதமாக ஒட்டுவது, பயிற்சிக்கு ஆள் ஏற்பாடு செய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் நாளே தெரிந்துவிடும். சீக்கிரம் கண்ணில் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மௌனத்தைச் சம்மதம் என்று கொள்வது

அடிமட்டத் தொழிலாளியின் மௌனத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் பேசுபவர்தான் முதலில் கண்ணில் படுவார். ஆட்குறைப்புப் பட்டியல் எழுதும்போது அந்த முகம்தான் நினைவுக்கு வரும். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு எதற்குப் பேச வேண்டும்?

நான் பொறுப்பில் இருந்த கிடங்கில், எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்பதைச் சுமை தூக்குபவர்களே முடிவு செய்துவந்தார்கள். அதைக் கணினிக்கு மாற்றினோம். கையோடு, தூண்களில் இருந்த சாக்பீஸ் கிறுக்கல்கள் மறையும்படி வெள்ளையடிக்கவும் சொன்னேன். சில தூண்களில் அரைவட்டம், சிலவற்றில் இரட்டைக் கோடு. மூன்றாவது வாரம் பின்வரிசையில் ஆறு அடுக்காக நின்ற பெட்டிகள் சரிந்து, ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. அங்கே தரை சற்றுச் சரிவு. அரைவட்டம் என்றால் நான்கு அடுக்குக்கு மேல் கூடாது. இரட்டைக் கோடு என்றால் மழைக்கு ஒழுகும் இடம்.

“ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று அங்கிருந்த மூத்தவரிடம் கத்தினேன்.

“அடிக்கச் சொன்னீர்கள், அடித்துவிட்டோம் சார்.”

கூட்டத்தில் அவர் முதல் வரிசையில் நின்றிருந்தார். அவர்கள் பல வருடங்களாகத் தெரிந்து வைத்திருந்ததை ஒரு வாளிச் சுண்ணாம்பில் அழித்துவிட்டேன். இன்றும் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை.

இத்தனைக்கும் இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. அமெரிக்காவின் ஹார்வுட் பைஜாமா ஆலையில் நடந்த ஆய்வை லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். காரணத்தை விளக்கி, மாற்றத்தை அறிவித்ததோடு விட்ட குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள்; உற்பத்தியும் தேறவில்லை. புதிய முறையை வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்களில் ஒருவர்கூட விலகவில்லை. பழைய அளவையும் தாண்டினார்கள். சில மாதங்கள் கழித்து, முதல் குழுவில் எஞ்சியவர்களையே கலந்து பேசி வேறு வேலைக்கு மாற்றியபோது அவர்களும் தாண்டினார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

இப்போது நான் முடிவெடுப்பதற்கு முன், இரண்டு மூன்று பேராக, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்க் கேட்கிறேன். சந்தேகம் உண்டா என்று கேட்பதில்லை. “இப்படி மாற்றினால் முதலில் எது கெடும்?” என்கிறேன். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. குறை சொன்னவரின் பெயர், அவர் சம்மதிக்காமல் மேலே போகாது.

மாற்றத்தை உறுதியாகும் வரை மூடி வைப்பது

பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வில், தனியார்மயத்தை எதிர்நோக்கியிருந்த ஒரு துறையில், மாற்றம் வருவதற்கு முன்பே ஆண் ஊழியர்களின் உடல்நிலை சரிந்தது தெரிந்தது. காத்திருப்பதே நோய். எது முடிவாகவில்லை, எந்தத் தேதியில் முடிவாகும் என்பதையாவது சொல்லுங்கள்.

பயிற்சியை வேலை நேரத்துக்குப் பின் வைப்பது

வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

முதல் மாதமே பழைய இலக்கைக் கேட்பது

கைப்பழக்கம் மாறினால் வேகம் குறையும். அந்தக் குறைவு அவர்கள் சம்பளத்தில் விழக் கூடாது.

சேர்ந்து நிற்பவர்களைப் பிரிப்பது

பணிப்பட்டியலில் பெயர்களை இடம் மாற்றுவது நமக்கு ஒரு நிமிட வேலை. முதுகுவலிக்காரர் ஒருவரின் கனமான பெட்டிகளைப் பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பிரித்த மறுவாரம் ஒருவர் விடுப்பில் போவார், மற்றவருக்கு வேலையில் மனம் ஒட்டாது. பட்டியலை ஒட்டுவதற்கு முன், யார் யாரோடு நிற்கிறார்கள், ஏன் என்று கேட்டுவிடுங்கள்.