தனிம அட்டவணையின் கதையைச் சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்?

தனிமங்களை ஒழுங்குபடுத்த முயன்ற டாபரீனர், நியூலாண்ட்ஸ், மெண்டலீவ், மோஸ்லி என நான்கு பெயரையும் நான்கு ஆண்டையும் எழுதினால் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். கூடவே சில பிழைகளும் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

அதில் பெரியது, மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார், அவ்வளவுதான் என்று முடித்துவிடுவது. அப்படியே அடுக்கியிருந்தால் 126.9 எடையுள்ள அயோடின் முன்னால் வந்து கந்தகம், செலினியத்தோடு சேர்ந்திருக்கும். 127.6 எடையுள்ள டெலூரியம் அடுத்து வந்து குளோரின், புரோமினோடு நின்றிருக்கும். உப்பீனிகளை (குளோரின், புரோமின், அயோடின் குடும்பத்தை) கையாண்ட யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் டெலூரியத்தை முன்னே வைத்தார். எடையும் குணமும் முட்டிக்கொண்ட இடத்தில் அவர் குணத்தின் பக்கம் நின்றார்.

அதற்காக அவருக்கு அணு எண் (இன்றைய அட்டவணையை வரிசைப்படுத்தும், அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) அப்போதே தெரிந்துவிட்டது போல எழுதக் கூடாது. டெலூரியத்தின் எடையை அளந்தவர்கள்தான் தவறிவிட்டார்கள் என்று அவர் நம்பினார். அளவில் பிழை இல்லை. டெலூரியத்தில் 128, 130 என்ற கனமான ஐசோடோப்புகளே (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களே) அதிகம். அயோடினுக்கு நிலையானது 127 ஒன்றுதான். சராசரி புரண்டது அதனால்தான். ஐசோடோப்பு என்ற சொல்லே 1913-இல் வந்தது, மெண்டலீவோ 1907-இலேயே இறந்துவிட்டார்.

அட்டவணையில் காலி இடம் விட்டு, அங்கே வரவேண்டிய தனிமங்களின் குணங்களை அவர் முன்கூட்டியே சொன்னார். அந்தக் கணிப்புகள் எல்லாமே பலித்தன என்பதும் மிகை. காலியம் விஷயம் அசத்தல்தான். 1875-இல் பிரான்சில் அதைக் கண்டுபிடித்த லெகாக் தெ புவாபோத்ரான் அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்றார். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தால் 5.9! ஆனால் இதே மனிதர்தான் ஹைட்ரஜனைவிட இலேசான 'ஈதர்' (வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக அன்று நம்பப்பட்ட பொருள்) தனிமம் ஒன்றையும் பின்னாளில் அட்டவணையில் சேர்த்தார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அவர் மட்டுமே யோசித்தார் என்பதும் சரியில்லை. 1882-இல் லண்டன் ராயல் சொசைட்டி டேவி பதக்கத்தை அவருக்கும், தனியாக இதே போன்ற அட்டவணையை அமைத்த ஜெர்மனியின் லோதர் மேயருக்கும் சேர்த்தே கொடுத்தது.

அப்புறம், வகுப்பறைச் சுவரில் தொங்குவது மெண்டலீவின் 1869 அட்டவணை அல்ல. அவருடையதில் 63 தனிமங்களே இருந்தன, ஒத்த குடும்பங்கள் கிடைவரிசையில் நின்றன, நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்கள் எதுவும் இல்லை. 1894-இல் ஆர்கான் கிடைத்தபோது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்குமோ என்று மெண்டலீவே சந்தேகப்பட்டார்.

நியூலாண்ட்ஸின் எண்ம விதியை எட்டு எலக்ட்ரான் விதியோடு (அணுக்கள் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நாடும் என்பதோடு) குழப்புகிறவர்கள் ஏராளம். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல், அவர் பேசியது 1865-இல். லித்தியத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் எட்டாவதாக சோடியம் வரும். அதுதான் அவருடைய எட்டு. நடுவில் நியான் நுழைந்த பிறகு சோடியம் ஒன்பதாவது.

கடைசியாக, அணு எண்ணை மோஸ்லி 'கண்டுபிடித்தார்' என்பது. அணுக்கருவின் மின்னூட்டமே அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண் என்ற யோசனையை அவருக்கு முன்பே நெதர்லாந்தின் வான் டென் புரூக் சொல்லியிருந்தார். மோஸ்லி 1913-இல் தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து அதற்குச் சான்று தந்தார். அதன் பிறகு எந்தெந்த இடம் காலி என்று ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. 43, 61, 75 காலி என்று அவரால் எண்ணியே சொல்ல முடிந்தது. மூன்றும் பின்னர் நிரம்பின: 75 ரெனியம், 43 டெக்னீசியம், 61 புரோமீத்தியம்.