வேலிப் புதரில் ‘டெக்’ சத்தம் கேட்டால்: பிளித் நாணல் கதிர்குருவியை அடையாளம் காண

ஐப்பசியில் வேலியோரம் நின்றால் புதருக்குள்ளிருந்து "டெக்... டெக்" என்று சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே ஒலிதான். பின்லாந்து முதல் சைபீரியா வரை கூடுகட்டி, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பூச்சியுண்ணிப் பறவையான பிளித் நாணல் கதிர்குருவி இது. இங்கே ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும்.

படி 1: முதலில் காது
பைனாகுலரை எடுக்க அவசரப்பட வேண்டாம். சத்தம் எந்தப் புதரில் என்று பிடித்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். இலைகளுக்கிடையே பூச்சி தேடிக்கொண்டே ஓரத்துக்கு வரும்.

படி 2: இடம்
பெயரில் நாணல் இருந்தாலும் முள்வேலி, செம்பருத்தி, சீமைக்கருவேலம்தான் இதற்குப் பிடித்த இடங்கள். 1849இல் எட்வர்ட் பிளித் சூட்டிய அறிவியல் பெயரில் வரும் ‘டுமெடோரம்’ என்ற சொல் புதர்களைத்தான் குறிக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

படி 3: முகம்
இங்கே நிதானமாகப் பாருங்கள். தட்டையாகச் சரியும் நெற்றி, நீளமான அலகு. வெளிர் புருவக்கோடு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில்தான் தெளிவாக இருக்கும். கண்ணைத் தாண்டினால் மங்கிவிடும். முதுகு ஒரே சீரான மங்கிய பழுப்பு. இறக்கையில் பட்டை இல்லை, வாலில் வெள்ளை இல்லை. இந்த ‘இல்லை’களைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அவைதான் உதவும்.

படி 4: உறவுக்காரர்களைக் கழித்தல்
பச்சை சாயலும் இறக்கையில் மெல்லிய வெளிர்பட்டையும் தெரிந்து, மரக்கிளைகளில் துருதுருவென்று திரிந்தால் அது கிரீனிஷ் வார்ப்ளர் (கதிர்குருவிக்கு ஆங்கிலத்தில் வார்ப்ளர்). சிட்டுக்குருவியைவிடப் பெரியதாக, ஏரிக்கோரையில் கரகரவென்று கத்தினால் கிளாமரஸ் ரீட் வார்ப்ளர்; நம் பறவையோ சிட்டுக்குருவியைவிடவும் மெலிந்தது. புருவக்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நன்றாக நீண்டால் பேடிஃபீல்ட் வார்ப்ளராக இருக்கலாம். உண்மையில் சிரமம் தருவது பூட்டட் வார்ப்ளர்தான். அதற்கு அலகு குட்டை, வால்நுனி சதுரம், வாலோர இறகுகள் வெளிர்நிறம். நம்முடையதற்கு வால்நுனி வட்டமாக இருக்கும்.

படி 5: குறிப்பு
நேரம், புதர், ஒலி, புருவம், வால் என ஐந்தையும் எழுதுங்கள். வால் தெரியவில்லையா? சரி, ‘கதிர்குருவி’ என்று மட்டும் எழுதிவிட்டு மறுநாள் காலை அதே புதருக்குப் போங்கள். பிடித்த புதரை இது எளிதில் விடாது, அநேகமாக அங்கேயே இருக்கும்.